கவனம் இல்லாத இரண்டாவது பெஞ்சு

என் மகளுக்குக் கவனம் இல்லை என்ற செய்தி சிவப்பு மையில் வந்தது. ஒன்றாம் வகுப்பு டைரியில், ஜூலை மாதக் கடைசியில், அவளுடைய மிஸ் எழுதியிருந்தார்: “வகுப்பில் கவனமே இல்லை. போர்டைப் பார்ப்பதில்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்.” அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மகள் ஏற்கெனவே ஒரு பூனை வரைந்து வைத்திருந்தாள். மீசை மட்டும் நன்றாக வந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏனென்றால் என் பிழைப்பே கவனம்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காருக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்காருகிறேன். மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் பிசிறு இருக்கிறதா, மேலே கீறல் இருக்கிறதா, நடுவில் குழி விழுந்திருக்கிறதா. நல்லது பச்சைத் தொட்டி, கெட்டது சிவப்புத் தொட்டி. கெட்டதை நாங்கள் ‘என்ஜி’ என்போம். சூப்பர்வைசர் அதற்கு ‘நோ குட்’ என்று விளக்கம் சொன்னார். அந்த டேபிளில் என் கண்ணுக்குத் தப்பிப் போன என்ஜி மிகக் குறைவு என்று பெயர் வாங்கியவள் நான். என் வயிற்றில் பிறந்ததே என்ஜி என்று ஒருவர் எழுதி அனுப்பினால் எப்படி இருக்கும்?

பள்ளிக்கூடம் ஆரம்பாக்கத்தில். நாங்கள் அந்த ஊருக்குப் புதிது. திருவள்ளூரில் இருந்தவரை வேலைக்கு வந்துபோக இரண்டு ரயில் மாற வேண்டியிருந்ததால், மே மாதம் ஆரம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்து வந்துவிட்டோம். திருவள்ளூரில் யூகேஜி படித்தபோது அந்த மிஸ் இவளை வாயாடி என்பார், வாலு என்பார். கவனம் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

புது மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். தமிழில் லேசாகத் தெலுங்கு வாசனை அடிக்கும். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரித்த முகம்.

“போர்டுல எழுதிப்போட்டு கூப்ட்டா பின்னாடி சாய்ஞ்சுக்கிறா. நோட்டைப் பாருன்னா நோட்டுலேர்ந்து கையை எடுத்துடறா. எப்பப் பாத்தாலும் பெஞ்சுக்கு அடியில தேடிக்கினு இருக்கா. புத்தி இருக்கு, கவனம்தான் இல்ல” என்றார்.

பிரின்சிபல் மேடம் அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ஒரு இடத்தில் உட்கார்ந்து சொன்னதைச் செய்யாவிட்டால் யூகேஜிக்கு இறக்கிவிடலாம், வயசு கம்மிதானே என்றார். இதைச் சொல்லும்போது மகள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கவனமில்லாத பிள்ளை என்பதால் அவள் காதில் விழாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

நன்றாகவே விழுந்திருக்கிறது. அன்று சாயங்காலம் சோறு வைக்க அரிசி டின்னைத் திறந்தேன். அரிசிக்குள் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், கணக்குப் புத்தகம், புது ஐடி கார்டு எல்லாம் புதைத்து வைக்கப்பட்டிருந்தன.

“இன்னாடி இது?”

“அவங்க வந்து கேட்டா இல்லன்னு சொல்லிடு. புக்கு இல்லன்னா எப்டி திருப்பிக் குடுக்கிறது? நான் ஒன்னாவதுதான்.” சொல்லும்போது உதடு பிதுங்கியது. “யூகேஜில பாப்பாங்கதான் இருக்கும். மூக்கு ஒழுகும்.”

சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஒருமுறை கீழே இறக்கப்பட்ட பிள்ளையை மக்கு என்று பெயர் வைத்துக் கூப்பிட ஊரில் ஆள் பஞ்சமே இருக்காது. இவள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் நாளை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்திலிருந்து அரிசியைத் தட்டி எடுத்தேன். மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது.

முதல் வைத்தியம் மேல் வீட்டு அக்காவுடையது. வல்லாரைக் கீரையில் துவையல் அரைத்து தினமும் நாஷ்டாவோடு கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் கொடுத்தேன். ஞாபகசக்தி கூடியது உண்மை. “திங்கக்கெழம ரெண்டு உருண்ட வெச்ச, செவ்வாக்கெழம மூணு உருண்ட, நேத்து தோசைக்கு உள்ள ஒளிச்சி வெச்ச” என்று ஒப்பித்துவிட்டு, இனிமேல் வைத்தால் மேல் வீட்டுக்கே போய்த் துப்பிவிட்டு வருவதாகச் சொன்னாள். செய்யக்கூடியவள்தான்.

அவளுடைய நைனா, அதாவது என் வீட்டுக்காரர், இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. “எனக்கும் சின்ன வயசுல கவனம் கெடையாது. இப்ப இன்னா கொறஞ்சி போச்சி? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கினு கீறேன் இல்ல? சும்மா கொயந்தய பேஜார் பண்ணாத” என்றார். சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் காணோம் என்று கட்டிலுக்கு அடியில் தேடினார். ஹெல்மெட் அவர் தலையில் இருந்தது. அப்பாவும் மகளும் ஒரே அச்சு என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டாவது வைத்தியம் போனில் வந்தது. சுவரில் ஒரு புள்ளி வைத்து, குழந்தையை எதிரே உட்கார்த்தி, ஐந்து நிமிடம் கண் எடுக்காமல் பார்க்கச் சொல்ல வேண்டுமாம். வைத்தேன். ஒரு நிமிடம் நன்றாகத்தான் பார்த்தாள்.

“மா, புள்ளிய பல்லி துன்னுடுச்சி.”

“பொய் சொல்லாத. நேரா பாரு.”

“நெஜம்மா மா. இப்ப பல்லியப் பாக்கறதா, புள்ளியப் பாக்கறதா?”

திரும்பிப் பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் பல்லி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பல்லியையே பார்த்தோம். அதற்கு மட்டும்தான் அன்று உண்மையான கவனம் இருந்தது.

அப்புறம்தான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் யாரும் எட்டு மணிநேரம் ஒரேயடியாக உற்றுப் பார்ப்பதில்லை. இருபது நிமிடம் பார்த்தால் மணி அடிக்கும். எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும். இல்லையென்றால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கீறல் பீஸெல்லாம் பச்சைத் தொட்டிக்குப் போகும். பெரியவர்களுக்கே இருபது நிமிடம் என்றால் ஆறு வயசுக்கு எவ்வளவு? நாலு நிமிடம் என்று நானே கணக்குப் போட்டேன்.

ஒரு படி வேர்க்கடலையைத் தரையில் கொட்டினேன். பச்சைத் தட்டு, சிவப்புத் தட்டு. சொத்தை, சுருங்கியது, கறுத்தது எல்லாம் என்ஜி. நாலு நிமிடம் பொறுக்க வேண்டும். போனில் அலாரம் அடித்ததும் எழுந்து ஜன்னலில் ஒரு நிமிடம் வயலைப் பார்க்கலாம், ரயில் வந்தால் ரயிலைப் பார்க்கலாம். முக்கியமான சட்டம் ஒன்று வைத்தேன். பொறுக்கும்போது பேசக் கூடாது. வாய் திறந்தால் கண் மூடிக்கொள்ளும் என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்வதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

முதல் நாள் நாலு நிமிடத்தில் அவள் பொறுக்கியது கொஞ்சம், தின்றது நிறைய. மூன்றாம் நாள் தின்பது நின்றது. ஒரு வாரத்தில் ஆறு நிமிடம், அடுத்த வாரத்தில் எட்டு. நான் நல்லது என்று ஒதுக்கிய கடலையிலிருந்தே மூன்று சொத்தையை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே சமயம் வேலைக்கே ஆபத்து என்றும் தோன்றியது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீடு முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பமானது. நைனா சட்டையில் ஒரு பட்டன் நிறம் வேறு, என்ஜி. இட்லி ஓரத்தில் உடைசல், என்ஜி. மேல் வீட்டு அக்கா புதுப் புடவையைக் காட்ட வந்தபோது இவள் முந்தானையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு நூல் இழுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் டைரியில் மறுபடி சிவப்பு மை. “கவனம் இல்லை. கூடவே எதிர்த்துப் பேசுகிறாள்.” என்ன பேசினாய் என்று கேட்டேன்.

“ஒன்னும் பேசல. மிஸ் பொட்டு சென்டர்ல இல்ல. லெஃப்ட்டுல கொஞ்சம் போயிருந்திச்சி. அதான் என்ஜின்னு சொன்னேன்.”

திட்ட வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். மிஸ்ஸின் நெற்றியில் பொட்டு ஒரு நூல் விலகியதைப் பார்க்கிற பிள்ளை, அதே மிஸ் எழுதும் போர்டை ஏன் பார்ப்பதில்லை? மெஷின் ஒரு பீஸை நன்றாகவும் அடுத்ததை மோசமாகவும் தள்ளினால் நாங்கள் பீஸைத் திட்டமாட்டோம். மெஷின் பக்கத்தில் போய் நின்று பார்ப்போம். அரை நாள் லீவு போட்டேன்.

வகுப்பறைக்குப் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் கீழே குனிந்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி நின்றேன். நின்ற அரை நிமிடத்தில் முதுகில் ஒரு விரல் குத்தியது. பள்ளிக்கூட ஆயாம்மா.

“இன்னாமே, திருட்டுத்தனமா எட்டிப் பாத்துக்கினு கீற?”

“எம் பொண்ணு கவனிக்கிறாளான்னு பாக்கறேன்மா. சத்தம் போடாத.”

“அட, தள்ளு. நானும் பாக்கறேன்.” துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவரும் குனிந்துகொண்டார்.

இரண்டாவது பெஞ்சில் மகள். கண் மிஸ்மேலேயே இருந்தது. மிஸ் நிற்கும் இடமெல்லாம் தலை கூடவே திரும்பியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மிஸ் போர்டில் இரண்டு எழுத்து எழுதிவிட்டுத் திரும்பினார். பிள்ளைகள் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மிஸ் ஸ்கேலால் போர்டைத் தட்டினார்.

“ஏய், இக்கட சூடு! போர்டு சூடு!”

என் மகள் இரண்டு கைகளையும் சட்டென்று அக்குளுக்குள் செருகிக்கொண்டு பெஞ்சில் பின்னால் சரிந்தாள்.

மிஸ் அவளையே பார்த்து, “நோட்டு சூடு! நோட்டு!” என்றார். மகள் நோட்டுப் புத்தகத்தை முழங்கையால் தள்ளிவிட்டாள். பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்து, எங்கிருந்து சூடு வருகிறது என்று தேடினாள்.

என் டேபிளில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள், அதனால் எனக்குப் பிடிபட்டது. தெலுங்கில் சூடு என்றால் பார். மிஸ் முன்பு வேலை பார்த்தது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். பாடமெல்லாம் தமிழில்தான் நடத்துவார். அவசரத்துக்கு, அதட்டலுக்கு மட்டும் பழைய வாய் வந்துவிடும். வகுப்பில் மற்ற பிள்ளைகளெல்லாம் எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்ததுகள், இரண்டு பாஷையும் தானாக வரும். திருவள்ளூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வந்த என் மகளுக்குச் சூடு என்றால் ஒரே அர்த்தம்தான். அதைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். மூன்று வயதில் தோசைக்கல்லில் உள்ளங்கையை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் “சூடு!” என்று ஒரு குரல் வந்தால் கை பின்னால் போக வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும். ஒரே சொல்லில் பிள்ளையை நிறுத்துகிறேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவள் நான். மூன்று மாதமாகத் தினமும் அந்தச் சொல்லுக்கு அவள் ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருக்கிறாள்.

ஆயாம்மா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அய்யே, அழுவாத” என்று தன் முந்தானையை நீட்டினார். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

இடைவேளையில் மிஸ்ஸிடம் சொன்னேன். ஒரு நிமிடம் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டார். “அய்யய்யோ! தினம் பத்து தரம் சொல்லியிருப்பேனே!” மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொண்டார். “போர்டு சூடுன்னா உனக்கு இன்னா தோணும்டா?”

மகள் என்னைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். “கொதிக்குதுன்னு. ஆனா நீங்க மட்டும் தொட்டுத் தொட்டு எழுதறீங்க.” மிஸ்ஸின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பி, வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தாள். “மிஸ், உங்களுக்குச் சுடாதா?”

மிஸ் அழுதேவிட்டார். பொட்டு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனது. என் மகள் அதைப் பார்த்தாள், ஆனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிரின்சிபல் மேடம் இதில் அழுகிற ஆள் இல்லை. ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கூத்து என்று கேட்டார். காலாண்டு முடிந்த மறுநாள் மகளைத் தன் அறைக்கு அழைத்து, ஒரு தாளைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் முடி பார்க்கலாம் என்றார். நானும் ஓர் ஓரத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. தாளில் கூட்டல், விடுபட்ட எழுத்து, பொருந்தாத படத்துக்கு வட்டம். மகள் உட்கார்ந்தாள். பென்சில் ஓடியது. ஆறாவது நிமிடத்தில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தீங்களா!” என்றார் மேடம்.

“அது பிரேக், மேடம்” என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது மறந்துவிட்டது.

ஒரு நிமிடம் போனது. அவளே திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சத்தை முடித்தாள். மேடம் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு கூட்டல் தப்பு. மற்றதெல்லாம் சரி. சிவப்புப் பேனாவைத் தேடினார், கிடைக்காமல் நீல மையிலேயே ஒரு டிக் போட்டார். “ஒன்னாவதுலயே இருக்கட்டும். ஆனா வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டைத் தாண்டும் வரை பெரிய மனுஷி மாதிரி நடந்தாள். தாண்டியதும் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே ரயில்வே லைன் ஓரமாகப் போனாள். நாற்று நட்டிருந்த வயலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மாதமாக மனசில் அடைத்திருந்தது இறங்கிய சந்தோஷத்தில் நானும் கூடவே நடந்தேன். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“ஏண்டி, போர்டு சூடா கீதுன்னு மிஸ் சொல்றாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

குதிப்பதை நிறுத்தினாள். “சொன்னேனே.”

“எப்போ?”

“வேர்க்கல்ல பொறுக்கும்போது. மூணு தடவ சொன்னேன். மா, எங்க ஸ்கூல் போர்டு சுடும்னேன். நீ ‘பேசாத, கவனம் போயிடும்’னு சொன்ன. அப்பறம் மறுபடியும் சொன்னேன். நீ போன்ல எத்தன நிமிஷம் ஆச்சுன்னு பாத்துக்கினு இருந்த. அப்பறம் நான் சொல்லல.”

அவள் சொல்கிற மூன்று தடவையில் ஒரு தடவைகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு குழந்தையின் கவனத்தை வளர்க்க எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் குழந்தை பேசியதே காதில் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

“தப்புதான்டி. இப்ப சொல்லு. இன்னா சொல்லணுமோ எல்லாத்தையும் சொல்லு. ஊடு போற வரைக்கும் நான் வாயே திறக்கமாட்டேன்.”

நம்பாமல் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொடங்கினாள். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் பல் விழுந்தது, அதை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஆயாம்மா யாருக்கும் தெரியாமல் முறுக்கு தின்பது, குழாயில் தண்ணீர் குடித்த குரங்கு, மிஸ் ரயிலைத் தவறவிட்ட நாள். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் அவளுக்கு யூகேஜியா ஒன்றாவதா என்று கேட்டு இனி டைரி வராது, நைனாவுக்குப் போன் பண்ண வேண்டும், சாயங்காலம் ஏதாவது இனிப்பு வாங்கலாம் என்றெல்லாம் எனக்குள் ஓடியது. தலையை மட்டும் விடாமல் ஆட்டினேன்.

வீட்டு வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இப்ப நான் இன்னா சொன்னேன்? ஒன்னு விடாம சொல்லு பாக்கலாம்.”

பல், ஆயாம்மா, முறுக்கு, ரயில். எல்லாம் சொன்னேன். குரங்கை விட்டுவிட்டேன்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், ஒன்று குறைந்தது. “நீ யூகேஜி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.